பாட்டி கையில் இருந்த பச்சை: அதை நூலில் எழுதிவைத்த எட்கர் தர்ஸ்டன் யார்?

தஞ்சோங் பகாரில் மதிய உணவு நேரத்தில் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. சட்டைக் கையை மடித்துவிட்ட இளையர்களின் மணிக்கட்டில் தாமரை, முழங்கையில் வேல் என ஏதோ ஒரு பச்சை தெரியும்.

இது புதுப் பழக்கம் இல்லை. துறைமுக வேலைக்கு வந்த தமிழர் குடும்பங்களின் பாட்டிமார் கையிலும் பச்சை இருந்தது. உங்க பாட்டி கையிலும் இருந்திருக்கலாம்.

அது எப்படிக் குத்தப்பட்டது? 100 ஆண்டுகளுக்கு முன்பே அதை நூலில் எழுதிவைத்தவர் எட்கர் தர்ஸ்டன்.

யார் இவர்?

1855இல் இங்கிலாந்தில் பிறந்தவர். மருத்துவம் படித்தவர். 1885இல் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்று, 1908 வரை அங்கே இருந்தார்.

1909இல் 7 தொகுதிகளாக வந்தது அவருடைய பெரிய நூல். தென்னிந்தியச் சமூகங்களைப் பற்றியது. உதவியவர் கே. ரங்காச்சாரி. பின்னாளில் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் அதைத் தமிழில் கொண்டுவந்தது.

பச்சை பற்றி என்ன சொல்கிறார்?

ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தியவர்கள் குறவர் சமூகப் பெண்கள். மஞ்சள்தூளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்குவார்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கில் அதை எரித்து, மேலே புதுச்சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியில் படியும் கரிதான் மை. தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ அதைக் குழைத்து ஊசியால் குத்துவார்கள்.

கரி கறுப்பு. ஆனால் தோலுக்கு அடியில் போனதும் பச்சை கலந்த நீலமாகத் தெரியும். "பச்சை" என்ற பெயர் அதனால்தான்.

தேள், மீன், பறவை, பூ, சூரியன், சந்திரன் ஆகியவை அதிகம் குத்தப்பட்ட உருவங்கள். ஐரோப்பிய-இந்தியக் கலப்பினத்து ஆண்களின் கைகளில் நங்கூரம், பாய்மரப் படகு, குடை பிடித்த பர்மியப் பெண் எனப் பலவற்றைப் பட்டியலிடுகிறார். கப்பல் போன இடமெல்லாம் பச்சையும் போயிருக்கு!

அப்படியானால் நூலை அப்படியே நம்பலாமா?

இங்கேதான் கவனம் தேவை. தர்ஸ்டன் மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவிகளால் அளந்தார். அந்த அளவுகளை வைத்து மக்களை வகைப்படுத்தினார். காவல்துறையினருக்கும் அந்த அளவுமுறையைச் சொல்லிக்கொடுத்தார். மூக்கின் அளவை வைத்து மனிதரை எடைபோடுவதை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை.

அன்றே மக்கள் பயந்தார்கள். தங்களைப் பாடம்பண்ணி அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவாரோ என்று பணியர் சமூகப் பெண்கள் அஞ்சினார்கள். உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று நினைத்து, அளக்கவே கூடாதென மறுத்தார் ஓர் இருளர். இவற்றை எழுதிவைத்ததும் தர்ஸ்டன்தான். அவருக்கு அது வேடிக்கை. அவர்களுக்கு உயிர்ப்பயம்.

ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியவர் கார்ன்வால் வட்டாரத்துச் செடிகொடிகளை ஆராய்ந்தார். 1935இல் காலமானார்.

இன்று நாம் என்ன செய்யலாம்?

மை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு அந்த நூல் உதவும். ஆனால் உங்க பாட்டி ஏன் தேளைத் தேர்ந்தெடுத்தார், யார் பெயரைக் குத்திக்கொண்டார் என்பது அதில் இருக்காது. நூலின் முகப்பில் தர்ஸ்டன், ரங்காச்சாரி இருவரின் பெயரும் உண்டு. ஊசி பிடித்த பெண்களுக்கு அங்கே இடமில்லை.

வீட்டில் பச்சை குத்திய பெரியவர் இருந்தால் இந்த வாரமே கேளுங்க. யார் குத்தினாங்க, எந்த ஊர், எத்தனை வயசில்? அனுமதி கேட்டு ஒரு படமும் எடுத்துக்கங்க. அவங்களோடு அந்தப் பதிலும் போய்விடக்கூடாது.