யார் இந்த ஹெல்லி? போரில் சிக்கிய ஒரு கணிதத் தேற்றம்

ரவாங் வழியா கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலை நினைச்சுக்குங்க. ஆளாளுக்கு ஏறும் இடமும் இறங்கும் இடமும் வேற. ஆனா எந்த இரண்டு பேரை எடுத்தாலும், இருவர் பயணத்திலும் ஒரு ஸ்டேஷனாவது பொதுவா வருது. அப்படின்னா எல்லாருக்கும் பொதுவான ஸ்டேஷன் ஒன்று கட்டாயம் இருக்கும். நம்பலையா? வரைஞ்சு பாருங்க.

இது ஹெல்லி தேற்றத்தின் எளிய வடிவம். தாளில் வரையும் வட்டம், முக்கோணம் போன்ற உள்குழியாத வடிவங்களுக்கு, இரண்டிரண்டாகப் பார்த்தால் போதாது, மும்மூன்றாகப் பார்க்கணும்.

1884-ல் வியன்னாவில் பிறந்த எட்வர்ட் ஹெல்லி இதை 1913-ல் கண்டுபிடித்தார். வெளியிடுவதற்குள் முதல் உலகப் போர். 1915-ல் நுரையீரலில் குண்டு பாய்ந்து ரஷ்யர்களிடம் சிக்கினார். சைபீரிய முகாமில் சக கைதி திபோர் ராடோவுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். ஊர் திரும்பியது 1920-ல்தான்.

1921-ல் யோஹான் ராடோனின் நிரூபணம் முதலில் அச்சேறியது. ஹெல்லியின் கட்டுரை வந்தது 1923-ல். ஆனாலும் தேற்றத்துக்கு ஹெல்லி பெயர்தான்.

பெயர் கிடைச்சது, சம்பளத்தோடு பல்கலைக்கழக வேலை கிடைக்கலை. வங்கியிலும் காப்புறுதி நிறுவனத்திலும் பிழைத்தார். யூதர் என்பதால் 1938-ல் நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பினார். 1943-ல், சிகாகோவில் கல்லூரி வேலை கிடைத்த கொஞ்ச நாளிலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 59.