கடிதங்களால் பூச்சிகளைக் கண்காணித்தவர்

வேளாண் அறிவியல் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் எனக்குச் சலிப்பூட்டிய வேலை, முட்டைக்கோஸ் இலைகளைப் புரட்டிப் புழுக்களை எண்ணுவதுதான். மருந்தடித்தால் போதாதா, இந்தக் கணக்கு எதற்கு என்று நினைத்தேன். எலினோர் ஓர்மரோட்டின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

அவர் 1828இல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில், பத்துப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். வீட்டிலேயே கல்வி கற்றார். 1868இல் அரச தோட்டக்கலைக் கழகம் பூச்சிகளைச் சேகரிக்க உதவி கேட்டது. தந்தையின் பண்ணைத் தொழிலாளர்களின் துணையுடன் அவர் ஏராளமான பூச்சிகளைத் திரட்டி அனுப்பினார்.

1877இல் ஒரு சிறு கையேட்டை வெளியிட்டு, விவசாயிகளிடமும் தோட்டக்காரர்களிடமும் தகவல் கேட்டார். எந்தப் பூச்சி, எந்தப் பயிரில், எப்போது வந்தது, என்ன செய்தபோது குறைந்தது? கடிதங்கள் குவிந்தன. அவற்றைத் தொகுத்து, 1900 வரை ஆண்டுதோறும் சொந்தச் செலவில் அறிக்கை வெளியிட்டார். ஒரு விவசாயிக்குத் தன் வயல் மட்டுமே தெரியும். பலருடைய கடிதங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் பூச்சி எங்கே பரவுகிறது என்பது புரியும்.

1881இல் டர்னிப் நாற்றுகளைத் தத்துவண்டுகள் அழித்தபோது அவர் தனி அறிக்கை தயாரித்தார். 1882 முதல் 1892 வரை அரச வேளாண்மைக் கழகத்தின் பூச்சியியல் ஆலோசகராக இருந்தார். 1891இல் பிரிட்டனில் பெருகிய வைரமுதுகு அந்துப்பூச்சியைப் பற்றியும் எழுதினார். நம் கேமரன் மலையில் முட்டைக்கோஸைத் தின்னும் புழு இதே பூச்சியின் புழுதான்.

அவர் சொன்ன எல்லாமே சரியென்று சொல்ல முடியாது. பழத்தோட்டப் புழுக்களை ஒழிக்க, ஆர்செனிக் கலந்த பாரிஸ் கிரீன் என்ற நஞ்சைப் பரிந்துரைத்தார். இன்று அதை யாரும் பரிந்துரைக்கமாட்டார்கள். வைரமுதுகு அந்துப்பூச்சியோ, பின்னாளில் வந்த பல மருந்துகளுக்கும் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. தேவையில்லாமல் அடிக்கும் ஒவ்வொரு மருந்தும் அந்த எதிர்ப்பை வளர்க்கிறது. அவர் நம்பிய நஞ்சு காலாவதியாகிவிட்டது. முதலில் பார், எண்ணு, பதிவு செய் என்ற அவருடைய பழக்கம் நிலைத்துவிட்டது.

1900இல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அங்கு அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் பெண் அவரே. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

இப்போதும் இலைகளைப் புரட்டும்போது முதுகு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால், எண்ணி முடிக்காமல் மருந்துத் தெளிப்பானை நான் தொடுவதில்லை.