காது கேளாத குலத் தலைவர்

குழந்தைகளே, விரல்களாலேயே பேசும் விருந்தாளிகளைப் பார்த்திருக்கிறீர்களா? இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஸ்காட்லாந்தில் ஒரு பிரபுவைப் பார்க்க வந்தவர்கள் அப்படித்தான் பேசினார்கள். ஒவ்வோர் எழுத்தையும் விரல்களால் காட்டுவார்கள். அவர் புரிந்துகொள்வார். ஏனென்றால் அவருக்குக் காது கேட்காது. அவர் பெயர் பிரான்சிஸ் மெக்கன்சி.

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியில் மக்கள் குலம் குலமாக வாழ்ந்தார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தலைவர் உண்டு. அவர் அழைத்தால் ஆண்கள் வாளோடு வந்து நிற்க வேண்டும். மெக்கன்சி குலத் தலைவருக்கு 1623-ல் அரசர் 'சீஃபோர்த் பிரபு' என்ற பட்டம் கொடுத்தார். ஆனால் 1715-ல் அரசருக்கு எதிரான கலகத்தில் சேர்ந்ததால் பட்டமும் நிலமும் பறிபோயின. நிலத்தைக் குடும்பத்தார் மீட்டார்கள். பட்டம் 1771-ல்தான் திரும்பக் கிடைத்தது. அதைப் பெற்றவருக்கு மகன் இல்லை. அவர் 1781-ல் படையோடு இந்தியாவுக்கு வரும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். பட்டம் மறுபடியும் போயிற்று!

அவருடைய நிலங்களை உறவினர் ஒருவர் ஏற்கெனவே வாங்கியிருந்தார். அவரும் 1783-ல் இந்தியாவின் மேற்குக் கரையோரம் நடந்த கடல் சண்டையில் காயமடைந்து இறந்தார். அவருடைய தம்பிதான் நம் பிரான்சிஸ். 28 வயதில் குலத் தலைவர் ஆனார்.

பிரான்சிஸ் 1754-ல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது விஷக் காய்ச்சல் வந்து கேட்கும் சக்தி போய்விட்டது. காது கேளாதவரால் எதுவும் முடியாது என்று பலரும் நினைத்த காலம் அது. ஆனால் அவர் மூலையில் முடங்கவில்லை. நிறையப் படித்தார். 1784-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 1793-ல் பிரான்சுடன் போர் மூண்டபோது, தன் ஊர்ப்பக்கத்து ஆட்களைச் சேர்த்து ஒரு படையையே உருவாக்கினார். 1797-ல் சீஃபோர்த் பட்டம் அவரால் மூன்றாம் முறையாகக் குடும்பத்துக்குக் கிடைத்தது.

பிறகு மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸுக்கு ஆளுநராகப் போனார். அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வேலை வாங்கினார்கள். ஓர் அடிமையை வேண்டுமென்றே கொன்றால்கூட வெள்ளைக்காரருக்குத் தண்டனை என்ன தெரியுமா? 15 பவுண்டு அபராதம். அவ்வளவுதான்! சீஃபோர்த் இதை மாற்றச் சொன்னார். தோட்ட முதலாளிகள் கொதித்தெழுந்தார்கள். அவர் விடவில்லை. கடைசியில் 1805-ல், அடிமையைக் கொல்வதும் கொலைக் குற்றமே என்று சட்டம் வந்தது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தென் அமெரிக்காவில் இருந்த அவருடைய தோட்டங்களிலும் அடிமைகளே வேலை செய்தார்கள். நல்லது செய்தவரும் எல்லாவற்றிலும் நல்லவராக இருந்துவிடவில்லை.

அவருடைய கடைசிக் காலம் சோகமானது. கடன் ஏறியது. நிலங்களை விற்றார். நான்கு மகன்களும் அவருக்கு முன்பே இறந்தார்கள். கடைசி மகன் போனது 1814-ல். மூத்த மகள் மேரியின் கணவர் கடற்படைத் தளபதி சாமுவேல் ஹூட். அவர் 1814 டிசம்பர் 24 அன்று நம் சென்னையில் காலமானார். கப்பலில்தான் கடிதம் போகும் காலம். அந்தச் செய்தி எட்டும் முன்பே, 1815 ஜனவரி 11 அன்று மாமனாரும் கண்ணை மூடினார். ஆண் வாரிசு இல்லாததால் பட்டம் அவரோடு முடிந்தது. மேரி நாடு திரும்பி, மிச்சமிருந்த நிலங்களுக்கு உரிமையாளர் ஆனார்.

காது கேளாத ஒரு தலைவரோடு இந்தக் குலத்தின் ஆண் வாரிசு முடியும் என்று மாயக் கண் கொண்ட ஒருவர் முன்பே சொல்லிவைத்ததாக அங்கே ஒரு கதை உண்டு. கதை கதையாகவே இருக்கட்டும்!

குழந்தைகளே, மூன்று முறை கிடைத்த பட்டம் மூன்று முறையும் கை நழுவிப் போனது. ஆனால் எங்கோ ஒரு தீவில், ஓர் அடிமையின் உயிரும் உயிர்தான் என்று எழுதவைத்தாரே, அதற்காகத்தான் அவரை இன்றும் நினைக்கிறோம். உங்கள் வகுப்பில் காது கேளாத நண்பர் இருந்தால், நாளைக்கே அவரிடம் விரல் மொழி கற்றுக்கொள்ளுங்கள். சரிதானே?