மேரி பிரெக்கின்ரிட்ச்

மேரி பிரெக்கின்ரிட்ச் (பெப்ரவரி 17, 1881 - மே 16, 1965) அமெரிக்கச் செவிலியரும் பேறுகாலத் தாதியும் ஆவார். மெம்பிசு நகரில் பிறந்தார். இவருடைய மகள் பிறந்த சில மணி நேரத்திலும், மகன் நான்கு வயதிலும் இறந்தனர். இவ்விழப்புகளே இவரைத் தாய்சேய் நலப் பணிக்கு இட்டுச்சென்றன.

செவிலியருக்கான மகப்பேற்றுப் பயிற்சி அக்கால அமெரிக்காவில் அரிது. எனவே இலண்டன் சென்று பயின்றார். 1925 இல் கென்டக்கியின் மலைப்பகுதியில், பின்னர் எல்லைப்புறச் செவிலியர் சேவை எனப்பட்ட அமைப்பை நிறுவினார். சாலைகளற்ற அப்பகுதியில் செவிலியர் குதிரையேறி வீடுவீடாகச் சென்றனர். பேறு பார்த்ததோடு தடுப்பூசியும் இட்டனர். மருத்துவர் தொலைவில் இருந்தமையால், மருத்துவக் குழு முன்னரே எழுதித் தந்த நெறிமுறைகளின்படி சிகிச்சையும் அளித்தனர்.

நோயறிந்து மருந்து தரும் 'நர்ஸ் பிராக்டிசனர்' பயிற்சி முதன்முதலில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965 இல், இவர் இறந்த ஆண்டில், தொடங்கியது. அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே இவருடைய செவிலியர் ஏறத்தாழ அப்பணியைச் செய்துவந்தனர். இவ்வமைப்பும் 1970 இல் அப்பயிற்சியைத் தொடங்கியது.