குலவித்தையைப் பொதுவித்தையாக்கிய ஹுவோ யுவான்ஜியா

வித்தை என்பது ஒரு குடும்பத்தின் சொத்தா, மக்கள் அனைவரின் சொத்தா என்னும் வினா நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சீன நாட்டில் இவ்வினாவுக்குத் தம் வாழ்வால் விடை கூறியவர் ஹுவோ யுவான்ஜியா என்னும் வீரர். 1972ஆம் ஆண்டு வெளிவந்த படமொன்றில், மாண்டுபோன தம் ஆசிரியருக்காகப் பழிவாங்கப் புறப்படும் மாணவனாகப் புரூஸ் லீ நடித்ததை நம்மில் பலர் கண்டிருப்போம். அம்மாணவன் கற்பனைப் பாத்திரம். அந்த ஆசிரியரோ உண்மையில் வாழ்ந்தவர். அவரே ஹுவோ யுவான்ஜியா. திரையில் காணும் அடிதடியைவிட அவர் வாழ்வில் நாம் அறிய வேண்டியது வேறொன்று உண்டு.

வட சீனத்தில் தியான்ஜின் நகருக்கு அருகேயுள்ள சியாவ்நான்ஹே என்னும் சிற்றூரில் 1868ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை ஹுவோ என்டி, வணிகரின் சரக்குகளுக்கு வழித்துணையாகச் சென்று கள்வரிடமிருந்து காக்கும் தொழிலர். மிசோங் என்னும் தற்காப்புக் கலை அக்குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்தது. அடி எடுத்து வைக்கும் தடம் எதிரிக்குப் புலப்படாதவாறு மாறி மாறி நகர்வது அக்கலையின் இயல்பு. அதனை வெளியாருக்குக் கற்பிப்பதில்லை என்பது குடும்பத்தின் கட்டுப்பாடு. அக்காலச் சீனத்தில் பெரும்பாலான கலைக் குடும்பங்களின் வழக்கமும் அதுவே.

யுவான்ஜியாவோ அக்குடும்பத்திலேயே பிறந்தும் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர். இளமையில் அவர் நோயாளி, மெலிந்த உடலினர். இவன் களத்தில் இறங்கினால் குடும்பப் பெயர் கெடும் என அஞ்சிய தந்தை, அவருக்கு மட்டும் பயிற்சி அளிக்க மறுத்தார். உடன்பிறந்தோர் பகலில் பயின்றதை மறைந்து நின்று பார்த்து, இரவில் ஊருக்கு வெளியே மரத்தோப்பில் தனியே பழகினார் என்று அவர் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். பின்னர் ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த வீரன் ஒருவன் உடன்பிறந்தவரை வென்றபோது, யாரும் எதிர்பாராத இவரே முன்வந்து அவனை வென்றார் என்பதும், அதன் பின்னரே தந்தை இவரை மாணவராக ஏற்றார் என்பதும் அவ்வரலாறு தரும் செய்திகள்.

ஒளிந்து கற்றவன் கதை நமக்குப் புதிதன்று. ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்த கதையைக் கேட்டே நாம் வளர்ந்தோம். கற்றதற்காகவே தண்டிக்கப்படுவதோடு அக்கதை முடிகிறது. யுவான்ஜியாவின் கதை வேறு திசையில் செல்கிறது. ஒளிந்து கற்ற அவர், தமக்குப் பின்வரும் எவரும் ஒளிந்து கற்க வேண்டாத நிலைக்கு வழிகோலினார்.

வாலிபத்தில் பிழைப்பு நாடித் தியான்ஜின் நகரை அடைந்தார். அங்கே மூட்டை சுமந்தார். மருந்துச் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தார். புகழ்பெற்ற வீரர் கூலிவேலை செய்தாரே என்று நாம் இரங்க வேண்டியதில்லை. உழைத்து உண்ட கையே பின்னர் ஒரு நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டியது.

அவர் வாழ்ந்த காலம் சீன மக்களுக்கு இழிவு மிகுந்த காலம். அபினிப் போர்களில் தோற்ற நாடு 1895இல் ஜப்பானிடமும் தோற்றது. 1900ஆம் ஆண்டு, மந்திரம் ஓதினால் துப்பாக்கிக் குண்டும் துளைக்காது என்று நம்பிய சிற்றூர் மக்கள் அந்நியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். எட்டு நாட்டுப் படைகள் திரண்டு வந்து தியான்ஜினையும் பீகிங்கையும் பிடித்தன. மந்திரம் பலிக்கவில்லை, மடிந்தோர் மிகப் பலர். அதன் பின்னர்ப் படித்தவர்கள் தற்காப்புக் கலையையே மூடநம்பிக்கையோடு சேர்த்து ஒதுக்கினர். சீனரைக் கிழக்காசியாவின் நோயாளிகள் என்று ஏளனம் செய்வோரும் இருந்தனர். நோயாளிப் பிள்ளையாக வளர்ந்த ஒருவர் அச்சொல்லைக் கேட்டு எவ்வளவு வருந்தியிருப்பார் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஷாங்காய் நகரில் மேனாட்டுப் பயில்வான் ஒருவன் மேடையேறிச் சீனரை அறைகூவி அழைத்தான். அவனை எதிர்க்க 1909ஆம் ஆண்டு யுவான்ஜியா அங்கே வரவழைக்கப்பட்டார். அந்தப் போட்டி நடைபெறவே இல்லை என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆயினும் அவர் பெயர் நகரெங்கும் பரவியது. அப்புகழைக் கொண்டு பொருள் தேட முனையாமல், பலரும் ஒருங்கே கற்பதற்கு ஒரு கழகம் அமைக்க அவரும் நண்பர்களும் முனைந்தனர். 1910ஆம் ஆண்டு ஜிங்வூ உடற்பயிற்சிக் கழகம் ஷாங்காயில் தோன்றியது.

கழகம் தோன்றிய சில மாதங்களிலேயே, அவ்வாண்டிலேயே, தமது 42ஆம் வயதில் அவர் மறைந்தார். நெடுநாள் நோயால் மாண்டார் என்பர் சிலர். மருந்தில் நஞ்சு கலந்தனர் என்பர் வேறு சிலர். 1989ஆம் ஆண்டு அவர் எலும்புகளை ஆராய்ந்தபோது ஆர்சனிக் காணப்பட்டது. ஆனால் பழைய சீன மருந்துகளிலும் அப்பொருள் உண்டு. ஆதலின் அவ்வழக்கு இன்றும் முடிவு காணாமல் நிற்கிறது.

தலைவர் மறைந்ததும் சங்கமும் மறைவது எங்கும் காண்பதே. ஜிங்வூ மறையவில்லை. சென் குங்ஜே, யாவ் சான்போ, லு வெய்சாங் என்னும் இளைஞர் மூவர் கழகத்தைத் தாங்கி நின்றனர். சென் குங்ஜே தம் குடும்பச் செல்வத்தையே அதற்குச் செலவிட்டார். மிசோங் கலையில் வல்ல சாவ் லியன்ஹே தலைமை ஆசிரியரானார். கழுகுநகக் கலை அறிந்த சென் சிசெங், வெட்டுக்கிளியை ஒத்த மாண்டிஸ் பூச்சியின் பெயர் கொண்ட கலையைக் கற்பித்த லோ குவாங்யூ ஆகியோர் பின்னர் வந்து சேர்ந்தனர். தம் கலையே உயர்ந்தது, பிறர் கலை தாழ்ந்தது என்று பூசலிட்டு வந்த பள்ளிகள் ஒரே கூரையின் கீழ் அமர்ந்தன. மஞ்சள் ஆறு, யாங்சி ஆறு, முத்து ஆறு ஆகிய மூன்று ஆற்றுப் பகுதிகளின் கலைகளும் அங்கே கற்பிக்கப்பட்டன.

கற்பிக்கும் முறையும் புதிது. பழைய முறையில் மாணவன் ஆசிரியர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் ஏவல் செய்து, அவர் மனம் இரங்கும்போது பெற்றுக்கொள்வதே வித்தை. ஜிங்வூவில் பாடத்திட்டம் இருந்தது. தொடக்கம், இடைநிலை, உயர்நிலை என மூன்று படிகள். ஒவ்வொன்றும் 2 ஆண்டுகள். எந்த ஆசிரியரிடம் பயின்றாலும் 10 அடிப்படைப் பயிற்சிகளை எல்லோரும் கற்றாக வேண்டும். அவற்றுள் முதலாவது டான்டுயி. எதிரியின் முழங்காலுக்குக் கீழே பாய்ந்து உதைக்கும் உதையை உள்ளடக்கிய சிறு சிறு அடிவரிசைகளின் தொகுப்பு அது. ஒவ்வொரு வரிசையையும் வலப்புறம் ஒருமுறை, இடப்புறம் ஒருமுறை எனத் திரும்பத் திரும்பச் செய்வர். வலிய பக்கத்தை மட்டும் நம்பி மெலிந்த பக்கத்தைக் கைவிடலாகாது என்பதே அதன் உட்பொருள். பின்னர்க் கோல், வாள், ஈட்டி ஆகியவையும், இருவர் எதிரெதிர் நின்று பழகும் பயிற்சியும் தொடரும். ஆசிரியர் மனத்தில் மட்டும் இருந்த அடவுகள் புகைப்படங்களுடன் நூல்களாக அச்சேறின. அச்சேறிய பின்னர் எந்த வித்தையையும் பூட்டி வைக்க முடியாது அன்றோ!

பெண்களுக்கும் அக்கழகம் கதவைத் திறந்தது. சென் குங்ஜேயின் தங்கை சென் ஷிசாவ் பெண்கள் பிரிவை முன்னின்று நடத்தினார். பெண்ணின் பாதத்தைக் கட்டிக் குறுக்கும் கொடுமை முற்றும் ஒழியாத நாட்டில், பெண்கள் வாளேந்திப் பயின்றது சிறு செய்தியன்று. உடலோடு அறிவும் ஒழுக்கமும் வளர வேண்டும் என்பது கழகத்தின் கொள்கை. அதனால் இசை, எழுத்து, புகைப்படக்கலை ஆகியவற்றுக்கும் அங்கே இடம் இருந்தது.

1920ஆம் ஆண்டு ஐவர் அடங்கிய தூதுக்குழு கடல் கடந்து தென்கிழக்காசியாவுக்குச் சென்றது. அவருள் ஒருவர் சென் ஷிசாவ். அடுத்த ஆண்டே கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கிளைகள் எழுந்தன. ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் பால்மரம் வெட்டிய அதே மலாய் மண்ணில், ஈயச் சுரங்கங்களில் வாடிய சீனரின் பிள்ளைகளுக்கு இக்கழகங்கள் உடலுரமும் தன்மதிப்பும் ஊட்டின. யுவான்ஜியாவின் மகன் ஹுவோ துங்கே ஜாவாத் தீவு சென்று தந்தையின் கலையைக் கற்பித்தார். 2009ஆம் ஆண்டு அவர் பிறந்த ஊர்ப் பகுதிக்கு ஜிங்வூ என்றே பெயர் சூட்டப்பட்டது.

தோழர்களே, யுவான்ஜியா தாம் தொடங்கிய கழகத்தில் ஓராண்டுகூட இருக்கவில்லை. அவர் தந்தது ஒரு தொடக்கம். அதனை நிலைக்கச் செய்தவை பின்வந்தோரின் பொருளும் உழைப்பும் ஒழுங்கான பாடமும் ஆகும். தம் பத்தாண்டுப் பணியைத் தொகுத்து 1919ஆம் ஆண்டு அவர்கள் ஒரு மலர் வெளியிட்டனர். அதற்குச் சீனக் குடியரசின் தந்தை சுன் யாட்-சென் முன்னுரை வழங்கினார். நாமும் இன்று ஒரு மலரைக் கையில் ஏந்தி நிற்கிறோம். பிறப்பைக் காட்டிக் கல்வியைப் பூட்டி வைத்த கொடுமையை நம் முன்னோர் உடலால் அறிந்தவர். நம் சங்கத்தின் விளக்கில் எழுத்தறிந்த ஒவ்வொருவரும், தாம் கற்றதை மாலைதோறும் இன்னொரு பிள்ளைக்குக் கற்பிக்க முன்வருவாராக. கற்றதைத் தமக்குள் வைத்துக்கொள்வோர் பழைய பூட்டுக்குப் புதிய சாவி செய்வோரே ஆவர். நமக்கு வேண்டியது சாவியன்று; திறந்த கதவு.