சுழல் எஞ்சின் தந்த ஃபீலிக்ஸ் வாங்கெல்

வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டங்களில் ஆயில் எஞ்சின் வைத்து நீர் இறைத்த நாட்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுவதுண்டு. எஞ்சின் இழுவை குறைந்து புகை கக்கத் தொடங்கினால், பிரிக்க வரும் மெக்கானிக் முதலில் சந்தேகப்படுவது பிஸ்டன் ரிங்கைத்தான். ரிங் தேய்ந்தால் அழுத்தம் நில்லாது. அழுத்தம் நில்லாவிட்டால் எஞ்சினுக்கு உயிரில்லை. எண்ணிப் பார்த்தால், எஞ்சினின் ஆயுள் என்பது பெரும்பாலும் அந்த மெல்லிய வளையத்தின் ஆயுளே. இந்தச் சிறு உண்மையோடு வாழ்நாள் முழுதும் மல்லுக்கட்டிய ஒருவரை மாணவ நண்பர்களுக்கு அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபீலிக்ஸ் வாங்கெல் 1902 ஆகஸ்டு 13 அன்று ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியிலுள்ள லார் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வனத்துறை அலுவலர். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டதும் களம் சென்ற அவர் திரும்பி வரவில்லை. வறுமையோடு போராடிய தாய் மகனை உயர் கல்விக்கு அனுப்ப இயலவில்லை. வாங்கெல் எந்தப் பொறியியல் கல்லூரியின் வாசலையும் மிதித்தவர் அல்லர். ஹைடல்பர்க் நகரில் ஒரு நூல் வெளியீட்டகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, இரவில் நூல்களைப் படித்துத் தாமே கற்றார். கிட்டப்பார்வையால் அவதியுற்ற அவர் வாழ்நாளில் ஓட்டுநர் உரிமமே பெற்றதில்லை. அத்தகையவரின் பெயரில் உலகெங்கும் ஓர் எஞ்சின் ஓடியது வியப்பன்றோ!

1924-ல் நண்பர்களோடு ஒரு சிறு பட்டறை தொடங்கினார். 1929-ல் சுழல் எஞ்சினுக்கான முதல் காப்புரிமையைப் பெற்றார். வழக்கமான எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடி, ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்ப வேண்டும். நில்லாமல் சுழன்றுகொண்டே வேலை செய்யும் எஞ்சின் வேண்டும் என்பதே அவர் கனவு. அக்கனவுக்குக் குறுக்கே நின்றது ஒரே கேள்விதான்: சுழலும் பொருளின் ஓரங்களில் எரிவாயு கசியாமல் எப்படி அடைப்பது?

இங்கே அவர் வாழ்வின் இருண்ட பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இளமையிலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் அவர். உட்பகையால் 1932-ல் அதைவிட்டு விலகினார். 1933-ல் அதே கட்சியினரால் சிறையிலும் அடைக்கப்பட்டார். ஆயினும் பின்னர் அந்த ஆட்சிக்கே உழைத்தார். 1936 முதல் லிண்டாவில் விமான அமைச்சகத்தின் ஆதரவில் போர் விமான எஞ்சின்களுக்கான சுழல் வால்வுகளை ஆராய்ந்தார். 1940-ல் எஸ்.எஸ். படையிலும் இடம்பெற்று, 1942-ல் நீக்கப்பட்டார். வாயுவைக் கசியாமல் அடைக்கும் வித்தையில் அவர் கரைகண்டது இந்த ஆண்டுகளில்தான். 1945-ல் பிரெஞ்சுப் படையினர் அவரைக் கைது செய்து, பட்டறையையும் பிரித்து எடுத்துச் சென்றனர். அறிவு யாருக்குப் பணிபுரிகிறது என்ற கேள்வியை அறிவாளியும் தட்டிக்கழிக்க முடியாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

விடுதலையான பின், 1951-ல் என்.எஸ்.யு. என்ற மோட்டார் சைக்கிள் நிறுவனத்தோடு இணைந்தார். 1957 பிப்ரவரி 1 அன்று அவரது எஞ்சின் முதன்முதலாக ஓடியது. அதில் உள்ளுறுப்பும் வெளிக்கூடும் சேர்ந்தே சுழன்றன. ஸ்பார்க் பிளக்கை மாற்றக்கூட எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே என்ற பொறியாளர் வெளிக்கூட்டை நிலையாக நிறுத்தி அதை எளிமையாக்கினார். தம் பந்தயக் குதிரையை ஏரில் பூட்டிவிட்டார்கள் என்று வாங்கெல் மனம் நொந்தார். ஆனால் உலகம் ஏற்றது அந்த ஏர்க்குதிரையைத்தான்.

அதன் அமைப்பு எளிது. இரண்டு பருப்புள்ள நிலக்கடலைபோல் நடுவில் சற்றே இடுங்கிய ஒரு கூடு. அதனுள் பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி. அது சுழலும்போது மூன்று அறைகள் விரிந்தும் சுருங்கியும் எரிபொருள் கலவையை இழுத்து, அழுத்தி, எரித்து, புகையை வெளியேற்றுகின்றன. இவ்வெஞ்சினில் வழக்கமான வால்வுகள் இல்லை, கனெக்டிங் ராடு இல்லை, அதிர்வும் குறைவு. ஆனால் முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய சீல்கள் கூட்டின் சுவரை ஓயாமல் உரசிக்கொண்டே செல்ல வேண்டும். பிஸ்டன் ரிங்கின் பாடெல்லாம் இம்மூன்று முனைகளின் தலையில் விடிந்தது.

1967-ல் என்.எஸ்.யு. வெளியிட்ட ஆர்ஓ 80 கார் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டம் பெற்றது. ஆனால் சில வண்டிகளில் 50,000 கிலோமீட்டரைத் தொடுமுன்பே முனைச் சீல்கள் தேய்ந்து எஞ்சின் படுத்துவிட்டது. அந்தக் காரை ஓட்டுவோர் எதிரெதிரே சந்தித்தால், எத்தனை எஞ்சின் மாற்றினோம் என்பதை விரல்களால் காட்டிக்கொள்வார்களாம்! இலவசமாக எஞ்சின் மாற்றிக்கொடுத்தே நொடித்த அந்நிறுவனம் 1969-ல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் கரைந்தது.

அவ்வெஞ்சினுக்கு ஆயுள் தந்தவர்கள் ஜப்பானியர். அணுகுண்டால் எரிந்த ஹிரோஷிமாவில், இன்று மாஸ்டா எனப்படும் டோயோ கோக்யோ நிறுவனம் 1961-ல் உரிமம் வாங்கியது. கெனிச்சி யாமாமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் இறங்கினர். கூட்டின் உட்சுவரில் அலையலையாக விழுந்த கீறல்களுக்கு அவர்கள் பேயின் நகக்கீறல் என்றே பெயரிட்டனர். அழுத்தத்தைவிட, சீலின் அதிர்வே காரணம் என்று கண்டு, அலுமினியம் ஊட்டிய கரியால் சீல் செய்தனர். 1967-ல் காஸ்மோ கார் வெளிவந்தது. 1968-ல் ஜெர்மனியில் நடந்த 84 மணிநேர ஓட்டப் போட்டியில் அது நான்காவதாக வந்து, தாக்குப்பிடிக்கும் என்று காட்டியது.

1982-ல் மாஸ்டா இவ்வெஞ்சினில் டர்போவைப் பூட்டியது. வெளியேறும் புகையின் வேகத்தால் கூடுதல் காற்றை உள்ளே திணிப்பது டர்போ. ஆற்றல் கூடியது; ஆபத்தும் கூடியது. சூடு மிகுந்து கலவை முன்கூட்டியே வெடித்தால் முனைச் சீல் உடையும். ஆகவே, திணிக்கும் காற்றைக் குளிர்வித்தல், எரிபொருளைக் குறையாமல் அளித்தல், சீலுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் ஊட்டல், ஓடிய எஞ்சினைச் சற்று ஆறவிட்டு நிறுத்தல் ஆகியவை அதன் ஆயுளைக் காக்கும் வழிகளாயின.

வாங்கெலுக்கு 1969-ல் மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 1971-ல் தம் நிறுவனத்தை 10 கோடி மார்க்குக்கு விற்றார். விலங்குகளை வதைக்காத ஆராய்ச்சிக்காக 1972-ல் ஒரு பரிசும் நிறுவினார். 1988 அக்டோபர் 9 அன்று, தம் 86-ஆம் வயதில், ஹைடல்பர்கில் மறைந்தார். 2009-ல் கோலார் அருகே பறந்த நிஷாந்த் ஆளில்லா விமானத்தை, நம் நாட்டு ஆய்வுக்கூடங்கள் உருவாக்கிய 55 குதிரைத்திறன் வாங்கெல் எஞ்சின் இயக்கியது என்பது நமக்குப் பெருமை.

ஓட வைப்பது ஒரு திறமை. ஓடிக்கொண்டே இருக்க வைப்பது வேறு திறமை. முன்னதற்குப் பெயர் கிடைத்தது. பின்னதற்கு உழைத்த பலரின் பெயரை உலகம் அறியாது. தொடங்கியதைத் தேயாமல் காக்கும் அப்பொறுமையை நாமும் பழகுவோமாக!