சக்கரவர்த்தியின் தொண்டை

ஈ.என்.டி. டாக்டர்கிட்ட போயிருக்கீங்களா? நாக்கைத் துணியால் பிடிச்சுக்கிட்டு, கம்பி நுனியில் இருக்கும் குட்டிக் கண்ணாடியைச் சூடு காட்டி உள்ளே விடுவார். சூடு காட்டலைன்னா நம்ம மூச்சுக்காற்றே அதை மங்க வெச்சிடும். 1854-ல் இந்த வழியில் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தவர் டாக்டர் இல்லை. மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். மயிலாப்பூர் சபாக்காரங்க பெருமைப்பட்டுக்கலாம்.

அந்தக் கண்ணாடியை நம்பியே ஒரு மருத்துவத் துறையை வளர்த்தவர் மோரெல் மெக்கன்சி. 1837-ல் லண்டன் பக்கத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா விபத்தில் இறந்துட்டார். இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளார்க்கா இருந்து, பிறகு மருத்துவம் படிச்சார். புடாபெஸ்ட்டில் செர்மாக் என்ற பேராசிரியரிடம் கண்ணாடி வித்தையைக் கத்துக்கிட்டு, 1863-ல் தொண்டைக்கு மட்டுமே ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார். தொண்டை, மூக்கு நோய்கள் பற்றி அவர் எழுதிய ரெண்டு பாகப் புத்தகம் பல நாட்டு டாக்டர்களுக்குப் பாடநூல் ஆச்சு.

1887 மே மாசம் பெர்லினில் இருந்து அழைப்பு வந்தது. ஜெர்மன் இளவரசர் ஃப்ரெட்ரிக்குக் குரல் கம்மிப் போயிருந்தது. புற்றுநோய்தான், குரல்வளையைத் திறந்து வெட்டணும்னு அங்கிருந்த டாக்டர்கள் முடிவு பண்ணிட்டாங்க. அந்தக் காலத்தில் அந்த ஆபரேஷனில் உயிர் போவது சகஜம். முதலில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிப்போம்னார் மெக்கன்சி. அவரே எடுத்துக் கொடுத்த துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் ருடால்ஃப் விர்ஷோ, திசு ஆய்வில் அன்னைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. புற்றுநோய் தெரியலைன்னு ரிப்போர்ட் வந்தது. ஆபரேஷன் நின்னது. செப்டம்பரில் மெக்கன்சிக்கு சர் பட்டம்.

நாம லேபில் சாம்பிள் டெஸ்ட் பண்றோமே, அதே சிக்கல்தான். துண்டில் இல்லைன்னா, அந்தத் துண்டில் இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். நவம்பரில் புதுக்கட்டி தெரிஞ்சது. மெக்கன்சியும் புற்றுநோய்னு ஒத்துக்கிட்டார். பிப்ரவரியில் மூச்சு விடக் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வெச்சாங்க. மார்ச்சில் அப்பா இறந்ததும் ஃப்ரெட்ரிக் சக்கரவர்த்தி ஆனார், ஆனா குரல் இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சீட்டில் எழுதிக் காட்டினார். 99 நாள் ஆட்சி. 1888 ஜூன் 15-ல் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகன்தான் முதல் உலகப் போர்க் காலத்து கைசர் வில்ஹெல்ம்.

வெட்டும் முன் பரிசோதனை கேட்டது சரி, என் பார்வையில். அந்த ரிப்போர்ட்டையே மாசக்கணக்கில் பிடிச்சுக்கிட்டு இருந்ததுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு அடுத்தது. ஜெர்மன் டாக்டர்கள் அவரைக் குற்றம் சாட்டி அறிக்கை விட, பதிலுக்கு அவர் நோயாளியின் அந்தரங்கத்தை எல்லாம் அச்சில் கொட்டி ஒரு புத்தகமே போட்டார். இங்கிலாந்தின் அறுவை மருத்துவர்கள் கல்லூரி அவரைக் கண்டிச்சது.

1892-ல், 54 வயசில் மெக்கன்சி இறந்துட்டார். பெர்லின் அழைப்பு வந்த அதே 1887-ல் அவர் கூட்டா தொடங்கிய தொண்டை மருத்துவ இதழ், பேர் கொஞ்சம் மாறி, இன்னும் வந்துக்கிட்டு இருக்கு.